மஞ்சள் கேடயம்

கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் மஞ்சள் கேடயம் தலைகாட்டும்போதெல்லாம் சிலுவைமுத்துவுக்குச் சந்தேகம் தட்டும். புதுப்பிப்புகள் தயாராம். யார் அனுப்புகிறார்கள்? வருகிறவர்கள் இங்கிருந்து எதை எடுத்துப் போகிறார்கள்?

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவன் தம்பி மகன் ஜெரின். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிறான். அந்தத் தம்பியோடுதான் சேவுகம்பட்டித் தோட்டத்துக் கிணற்றுக்காக வழக்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான சிலுவைமுத்து, கோர்ட்டில் தன் தரப்பில் சொல்லவேண்டியதை ஒரு வருடமாக அதில்தான் தட்டி, கிறிஸ்துமஸுக்குள் முடித்திருந்தார். வழக்கு தொடங்கிய பிறகும் பயல் வந்துபோய்க்கொண்டிருந்தான்.

“அது தானா வரும் பெரியப்பா. வைரஸ் வராமக் காக்குறது. விட்டுருங்க,” என்றான் ஜனவரியில்.

அவன் தெருமுனை திரும்பியதும் கேடயத்தையும் வைரஸ் தடுப்பையும் ஒருசேர நிறுத்தினார். அதன்பின் அவனை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

ஆகஸ்டில் மகள் வினோலியா கொண்டுவந்த பென் டிரைவில் ஞானஸ்நானப் படங்களோடு வைரஸும் வந்தது. கம்ப்யூட்டர் தானே அணைந்து தானே எழுந்தது. வேறொரு மெக்கானிக் வந்து ஃபார்மட் போட்டதில் எல்லாம் அழிந்தது. வியாழக்கிழமை வக்கீலிடம் வழக்கு விவரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

“ஜெரினுக்குப் போன் போட்டுட்டேன்,” என்றாள் மனைவி ரோசலின்.

“எதிராளி மகனையா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“ஏழு மாசமா வந்ததையெல்லாம் தடுத்தீகளே, வைரஸத் தடுத்தீகளா?”

ஜெரின் ஒரு சிடியோடு வந்தான். “ஜனவரியில சர்வீஸ் பண்ணப்ப எடுத்துவச்சது பெரியப்பா. எல்லா வீட்டுக்கும் எடுப்பேன். ஒங்க ‘பைபிள் வகுப்பு’கூடப் பத்திரமா இருக்கு.”

நீட்டிய கை பாதியில் நின்றது. வழக்கு விவரத்தை அந்தப் பெயரில்தான் அவர் ஒளித்துவைத்திருந்தார். நூறு கோப்புகளில் இதை மட்டும் ஏன் பெயர் சொல்லிச் சொன்னான்?

“தெறந்து பாத்தியாடா?”

“பைபிளை நான் எதுக்குப் பெரியப்பா தெறக்கப்போறேன்?” சிரித்தான். “பெரியம்மா, தண்ணி குடுங்க.”

அவன் போனதும் முப்பத்தொரு பக்கத்தையும் அச்செடுத்து, ஸ்கேல் வைத்து வரிவரியாகப் படித்தார். கிணற்றின் ஆழம், மோட்டார் போட்ட வருடம், எதுவும் மாறவில்லை. புதன்கிழமைக்குள் நான்கு முறை படித்தும் ஒரு தவறும் சிக்காததே அவருக்கு உறுத்தியது. ஜெரின் படித்திருந்தால், இவருடைய சாட்சிகள் யாரென்று தம்பிக்குத் தெரிந்திருக்கும். இந்நேரம் அவர்களைப் போய்ப் பார்த்துமிருப்பான்.

வியாழன் காலை வக்கீலிடம் கிளம்பும்போது, சாட்சிகளின் பெயர் இருந்த பக்கத்தை, வக்கீல் கண்ணிலும் படவேண்டாமென்று உருவி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.