திரும்பி வந்த கூறைப்புடவை

பார்சலைப் பிரித்ததும் நாலைந்து மஞ்சள் அட்சதை தரையில் சிதறின. வந்தனாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

மாதுங்காவில் பத்து வருஷமாக ரெடிமேட் மடிசார் தைக்கிறவள் அவள். ஒன்பது கஜம் கட்டத் தெரியாத பெண்கள் பாவாடைபோல மாட்டிக்கொண்டு மணையில் உட்காரலாம். கொசுவம், கச்சம் எல்லாவற்றையும் அவள் மெஷினிலேயே பிடித்துவிடுவாள். இந்த அரக்குக் கூறையை செம்பூரில் மானசா என்கிற பெண் அளவு கொடுத்து ஆன்லைனில் வாங்கியிருந்தாள். ஆறாவது நாள் அது திரும்பி வந்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் 'அளவு சரியில்லை' என்று இருந்தது. புடவையிலோ ஹோமப் புகை வாசனை, தலைப்பில் சந்தனக் கறை.

மாப்பிள்ளை கையால் வாங்கி, கட்டிக்கொண்டு வந்து, தாலியும் ஏறியபின், வேலை முடிந்தது என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். கூறையை! வாடகைப் பாத்திரத்தைக்கூடக் கழுவித்தானே திருப்பிக் கொடுப்பார்கள்?

வந்தனா போட்டோ எடுத்து, அந்தப் பெரிய ஆன்லைன் சந்தைக்குப் புகார் எழுதினாள். 'வாடிக்கையாளரின் திருப்தியே எங்கள் குறிக்கோள். உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. போன கூரியர், வந்த கூரியர் இரண்டின் செலவும் அவள் தலையில் விழுந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் நம்பர் கிடையாது. விற்கிறவளுக்கு அதை அவர்கள் காட்டுவதில்லை. திட்டக்கூட வழியில்லாத வியாபாரம் என்ன வியாபாரம்?

பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அவள் கணவர் சங்கரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சல்தா ஹை, போனாப் போறது வந்தனா. ட்ரைகிளீன் பண்ணி வேற யாருக்காவது வித்துடேன்."

"ஒருத்தியோட கூறையை இன்னொருத்தி தலையில கட்டச் சொல்றேளா? வெக்கமா இல்லை உங்களுக்கு?"

புடவையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, திரும்பி வந்த சீட்டையும் அதிலேயே குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் ஹரிதா லாப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். "அம்மா, ஆன்லைன்ல விக்க மூணு வழி இருக்கு. ஒண்ணு, இப்ப இருக்கற சந்தை. கூட்டம் தானா வரும், ரூல்ஸ் அவா போடுவா. ரெண்டு, மாச வாடகைக்கு ரெடிமேட் வெப்சைட். கடை உன்னோடது, கூட்டத்தை நீதான் கூட்டணும். மூணு, ஃப்ரீ சாஃப்ட்வேர். எல்லாம் நம்ம இஷ்டம். ஆனா ஏதாவது கெட்டுப்போச்சுன்னா ஆள் தேடணும்."

"வாங்கறவாளோட போன் நம்பர் எனக்குக் கிடைக்குமா?"

"ரெண்டுலயும் மூணுலயும் கிடைக்கும்."

"கெட்டுப்போனா ஆளுக்கு நான் எங்க போவேன்? ரெண்டாவதே போதும்."

"அம்மா! டிசைன், பேமென்ட், டெலிவரி... ஒண்ணுமே கேக்கலையே நீ?"

"எனக்கு நம்பர் வேணும்."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றார் சங்கரன். "ஜன நடமாட்டம் இருக்கற எடத்தை விட்டுட்டு, சந்துக்குள்ள போய்க் கடை போடறாளாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தீபாவளிக்குத் திறந்த கடையில் மாசத்துக்கு இரண்டு ஆர்டர் வந்தால் பெரிசு. மெஷின் பாதி நாள் மூடியே கிடந்தது. வீம்புக்குத் தப்பு பண்ணிவிட்டோமோ என்று அவளுக்கே ஒரு தடவை தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கோபம் வந்தது.

வைகாசியில் ஒரு நாள் காலை ஆர்டர் ஒன்று வந்தது. பெயர் மானசா, செம்பூர். அதே விலாசம். கீழே ஒரு குறிப்பு: 'போன ஆவணியில் வாங்கிய அதே அரக்கு, அதே பார்டர் வேண்டும். சீமந்தத்துக்கு. இடுப்பு மட்டும் நாலு இஞ்ச் கூட. போன தடவை அளவு கச்சிதம். பழைய இடத்தில் உங்கள் கடை இல்லை, பெயரை வைத்துத் தேடி வந்தேன்.'

அளவு கச்சிதமாம்! வந்தனா அதை இரண்டு தடவை படித்தாள்.

சங்கரன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "வயத்துப் பிள்ளைக்காரி கேக்கறா. இல்லைன்னு சொல்லிடாதே, பாவம்."

"யார் பாவம்?"

விஷயம் அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. சீமந்தத்துக்குக் கல்யாணக் கூறையைத்தான் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். எடுத்துவை என்று மாமியார் சொல்லியிருப்பாள். இவள் எதை எடுத்து வைப்பாள்? ஆர்டரில் நம்பர் இருந்தது. வந்தனா போன் போட்டாள்.

"மடிசார் வந்தனா பேசறேன். உன் கூறையைத் தைச்சவ."

"ஹாய் மாமி! சூப்பர் ஃபிட்டிங், மண்டபத்துல எல்லாரும் கேட்டா!"

"அப்ப ஏன் அளவு சரியில்லைன்னு போட்டே?"

அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது. "அது... ஏதாவது காரணம் போட்டாத்தான் ஆப் விடும் மாமி. எல்லாரும் பண்றதுதான். நஷ்டம் கம்பெனிக்குத்தானேன்னு..."

"கம்பெனி தைக்கலைடீ! நான் தைச்சேன்! மூணு நாள், இந்தக் கையால!" ஒன்பது மாசமாக வைத்திருந்த கத்தல் அது. சங்கரன் அடுக்களைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

"சாரி மாமி." அழுகை வந்துவிடும் போலிருந்தது. "கூறை பத்திரமா இருக்குன்னு மாமியார்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை எடுத்துக் காட்டணும். ப்ளீஸ், அதே மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுங்கோ."

"அதே மாதிரி எதுக்கு? அதுவே என் பீரோல இருக்கு. இடுப்புல ரெண்டு பக்கமும் துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன், பிரிச்சா நாலு இஞ்ச் தாராளமா வரும். விலை அன்னிக்கு என்னவோ அதேதான்."

"ஐயோ, அது கட்டின புடவை இல்லையா மாமி?"

"ஆமாம்" என்றாள் வந்தனா. "கட்டினது யாரு?"

வந்தனா போனை வைக்கவில்லை. பதில் வரும்வரை வைப்பதாகவும் இல்லை.