பசுங்கணிகத்தின் வாசலில் இரண்டு விரிவுரையாளர்கள்

1

உலகத்து உயிர்கள் யாவும் பச்சை இலைக்குள் ஓசையின்றி நடக்கும் ஒரு மாபெரும் வேள்வியின் பிரசாதத்தை உண்டே வாழ்கின்றன.

இப்படித்தான் தொடங்கினேன். திரும்பப் படித்தபோது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நண்பர் ஒருவர் மூளை நரம்பை வைத்துக் கதை எழுதிப் பரிசு வாங்கினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இலை மிச்சமிருந்தது, எடுத்துக்கொண்டேன்.

2

1967. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சர் வண்டி. அதில் தினமும் போய்வரும் இரண்டு தாவரவியல் விரிவுரையாளர்கள், சடையப்பனும் அப்துல் வதூதும். [சடையப்பன் நெடிய உருவம், கம்பீரமான— வேண்டாம். பொறாமைக்காரருக்கு உயரம் எதற்கு?] சென்னைக் கருத்தரங்குக்குத் துறையிலிருந்து ஒருவர்தான் போகலாம். சடையப்பன் அதற்காகக் கோட்டே தைத்துவிட்டார்.

வதூதின் வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள். சடையப்பனின் வகுப்பில் தூங்குவார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அன்று இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி வதூது கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏன் சார், இலையில பச்சையத்த வச்சிருக்கிற பசுங்கணிகம் இருக்கே, அதுக்குள்ள இருக்கிற புரதம் அத்தனையும் அங்கயே செஞ்சதா இருக்காது. வெளிய, செல்லுல செஞ்சதுதான் ஜாஸ்தின்னு தோணுது. அது சவ்வத் தாண்டி எப்படி உள்ள போவுது? போனாலும், எந்த அறைக்குப் போவணும்னு அதுக்கு யாரு சொன்னா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா பாய்" என்றார் சடையப்பன். கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்பதை அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.*

* எனக்கும் இது தோன்றியிருக்காது. நான் உண்டாக்கிய ஆள் என்னையே முந்துகிறார். வதூதுக்கு ஒரு கெட்ட பழக்கமாவது கொடுத்துவிடலாம் என்று மூன்று வரைவுகளில் முயன்றேன். மூக்குப்பொடிகூட ஒட்டவில்லை.

3

மறுநாள், துறைத்தலைவர் உத்திராபதியின் அறை. வதூதும் உட்கார்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே சடையப்பன் அந்தக் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துவைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டுதான்.

உத்திராபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரித்தார். "செல்லுக்குள்ள போஸ்ட்மேன் இருக்கான்றியா? மெட்ராஸ்ல போயி இதக் கேட்டா நம்ம மானம் போயிடும்யா."

சிரித்து முடித்து வதூதின் பக்கம் திரும்பி, பிச்சாவரத்து அலையாத்தி இலைகளில் உப்புப் பற்றி அவர் எழுதிவைத்திருந்த கட்டுரை என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

கதை இங்கேதான் இருக்கிறது. 'கேட்டது பாய்தான் சார்' என்று ஒரே ஒரு வரி. அதைச் சொல்லிவிட்டால் சிரிப்பு வதூது மேல் போகும். சென்னை தன் பக்கம் வரும். சடையப்பன் வாயைத் திறந்தார். [அப்போது அவருடைய மனசாட்சி— அடித்துவிட்டேன். மனசாட்சிக்கு இதில் வேலை இல்லை.] சென்னையை விட்டுவிடலாம் என்று பட்டது. அந்தக் கேள்வியை வதூதிடம் திருப்பிக் கொடுக்கத்தான் வயிற்றெரிச்சல் விடவில்லை.

"என் கேள்விதான் சார்" என்றார், யாரும் கேட்காமலே.

"சரி, பதிலு?" என்றார் உத்திராபதி.

சடையப்பன் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

வதூது மட்டும் அவரைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல கேள்வி சார். நீங்களே வச்சுக்குங்க."

4

[பதில் பல ஆண்டுகள் கழித்து வேறு தேசங்களில் கிடைத்தது. அப்படி வெளியிலிருந்து வரும் புரதங்களில் பெரும்பாலானவை முன்முனையில் ஒரு சிறு துண்டைச் சுமந்துவருகின்றன. சவ்வுகளைத் தாண்டவைப்பது அதுதான். உள்ளே போனதும் அது வெட்டப்படுகிறது. இன்னும் உள்ளே, அடுக்குத் தட்டுகளுக்குப் போகவேண்டிய சிலவற்றுக்கு இரண்டாவது துண்டு. இதை மனிதர்களோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீங்கள் அதற்குள் ஒப்பிட்டிருப்பீர்கள், நீக்கிவிட்டேன்.]

முடிவுகள்:

அ) சடையப்பன் மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன். அவர் வர மறுத்துவிட்டார்.

ஆ) வதூது சென்னையில் உப்பை விட்டுவிட்டு அந்தக் கேள்வியையே கேட்கிறார், மண்டபம் எழுந்து நின்று— முடியாது. எனக்கே எரிகிறது.

இ) நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேள்வி கேட்ட அன்றே வண்டி கிள்ளையில் நின்றபோது, பதில் இப்படி இருக்கலாம் என்று தன் ஊகத்தையும் வதூது சொன்னார். எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த அமராவதி அம்மாள் மட்டும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். சடையப்பன் பொறாமை தாங்காமல் இறங்கிப் போய், பிளாட்பாரக் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.