கீதாஞ்சலியின் பழைய தண்ணீர்

அனுராதாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். லேக் கார்டன்ஸில் அவள் வீட்டில் முதல் நாள் குழம்பு மறுநாள் அடுப்பைப் பார்த்ததில்லை. சால்ட் லேக் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அந்த வளர்ப்பு கூடவே வந்தது. பக்கத்து மேஜை கீதாஞ்சலியோடு பேச்சு நின்றதும் அதனால்தான். கீதாஞ்சலியின் நரம்பு செல் தட்டுகளில் இருந்த மங்கலான தண்ணீரைப் பார்த்து, எல்லார் எதிரிலும் அனுராதாதான், "என்னடி இது, கழுநீர் மாதிரி?" என்று கேட்டுவைத்தாள். கல்கத்தாவிலேயே பிறந்த இரண்டு தமிழ்ப் பெண்கள், அதன் பிறகு வங்காளிகளைத் தூது விட்டுப் பேசிக்கொண்ட அழகை என்ன சொல்ல!

ஒரு நரம்பு செல் விடும் புரதம் இன்னொன்றைத் தொட்டால்தான் அது இதை நோக்கிக் கை நீட்டும், நடுவே இணைப்பு விழும். அந்த இணைப்பு பலப்படுவதும் தளர்வதும்கூடப் புரதங்களின் தயவில்தான். அனுராதாவின் ஆய்வே இதைப் பற்றித்தான். கடைசிச் சோதனை பாக்கி. அதற்காக அவள் வளர்த்த தட்டுகள் போனால் பட்டம் போச்சு. அவளுக்கு அங்கே இடம் இந்த மாதம் வரைதான்.

செல்களுக்குத் தீனி வைக்கும் சௌந்தரராஜன் துர்கா பூஜைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, "பாதித் தண்ணிய மட்டும் மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாதி அழுக்கை விட்டுவைக்கிற வழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது. மஹாலயா அமாவாசைக்கு மறுநாள் எல்லாவற்றையும் வழித்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். தான் ஆராய்கிற புரதமே அந்தப் பழைய தண்ணீரில்தான் இருக்கிறது என்று, மகா மேதைக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் நீட்டிய இழைகள் சுருங்கிக் கிடந்தன. அனுராதா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"முழுசையும் கொட்டிட்டியா?" தோளுக்குப் பின்னால் கீதாஞ்சலி.

அனுராதா தலையை ஆட்டினாள்.

"தூர்!" என்று வங்காளத்தில் அதட்டினாள். "அழாதே. இன்னும் சாகலை." கீதாஞ்சலி தன் தட்டுகளை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் பழைய தண்ணீரில் பாதியை உறிஞ்சி, வடிகட்டி, அனுராதாவின் தட்டுகளில் விட்டாள்.

"உன்னோடது என்னாகும்?"

"கொஞ்சம் சோர்ந்து போகும். தினம் வந்து கவனிக்கணும். பூஜை லீவு போச்சு, அவ்ளோதான்."

கழுநீர் என்று சொன்ன வாயை என்ன செய்வதென்று அனுராதாவுக்குத் தெரியவில்லை.

அஷ்டமியன்று சாயம் ஏற்றிப் பார்த்தபோது இழை நெடுகப் பச்சைப் புள்ளிகள் மின்னின. அத்தனையும் இணைப்புகள். வெளியே துர்கா பந்தலில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"கீதா, வந்து பாரேன். எல்லாம் நீ குடுத்தது. இந்த ஜன்மத்துக்கு மறக்க மாட்டேன்."

கீதாஞ்சலி வெகுநேரம் பார்த்தாள். "ஷுந்தோர், அழகுடி," என்றாள்.

"நாளைக்கு நவமி. நீ அம்மாவோட பந்தல் பாக்கப் போ. உன் தட்டுகளை நான் பாத்துக்கறேன்."

கீதாஞ்சலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மாட்டேன் என்றாலும் நியாயம்தான் என்று அனுராதா நினைத்துக்கொண்டாள்.

"சரி," என்று கீதாஞ்சலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பாதி. ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் அனுராதா அந்த மங்கலான தண்ணீரில் சரியாகப் பாதியை எடுத்தாள். மீதியோடு புதிதைச் சேர்த்து, தட்டுகளை ஆடாமல் அசையாமல் வளர்ப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தாள்.