குனிந்தால் ஊறும் தண்ணீர்

மனைவி இறந்த மறு மாதத்திலிருந்து, அந்தப் பல் டாக்டர் குனிந்து பார்த்த வாய்களிலெல்லாம் உப்புத்தண்ணீர் ஊறியது. எச்சில் இல்லை. எச்சில் கொழகொழப்பாக இருக்கும், நூல் விடும். இது தெளிவாக, லேசான வெதுவெதுப்போடு கீழ்த்தாடையின் இரு ஓரங்களிலும் ஏறி, நாக்கை மூழ்கடித்து, உதட்டோரம் வழிந்து, கழுத்தில் கட்டிய துண்டை நனைத்தது. டாக்டர் நிமிர்ந்தால் நின்றது. குனிந்தால் மறுபடி ஏறியது. குடிநீர் வாரியத்துக்கு ஒரு சீசா அனுப்பிப் பார்த்தார்கள். கிருமி எதுவும் இல்லை, ஆனால் குடிக்க உகந்ததல்ல என்று பதில் வந்தது.

வேறு தொழிலாக இருந்தால் இதோடு காலம் தள்ளியிருக்கலாம். பல் அடைப்பவருக்கு ஈரம்தான் எமன். சொத்தையைக் குடைந்து எடுத்து, குழியை நன்றாக உலர்த்தி, பல் நிறப் பசையை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல விளக்கு காட்டி இறுக்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் பசை பல்லைப் பிடிக்காது. அவர் கை வைத்தால் அடைப்பு அசையாது என்று பேர் எடுத்தவர். இப்போது நோயாளி மாடிப்படி இறங்கி, கீழே இருக்கும் டயர் கடையைத் தாண்டுவதற்குள் அடைப்பு முழுசாகக் கழன்று நாக்கில் வந்து உட்கார்ந்தது. ஒரு பஸ் கண்டக்டர் பாதிப் படியிலிருந்தே திரும்பி ஏறிவந்து, "டாக்டர், உங்க சாமானை நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க" என்று அதை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். டாக்டர் அதை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அவர் செய்யாத முயற்சி இல்லை. வாய்க்கு ரப்பர் திரை கட்டிப் பார்த்தார். தண்ணீர் திரைக்குமேல் குளம்போல் நின்றது. இரண்டு உறிஞ்சுகுழாய் போட்டார், இரண்டும் திணறின. குனியாமல், நோயாளியின் தலைமாட்டில் விறைப்பாக நின்று கண்ணாடியில் மட்டும் பார்த்து வேலை செய்தார். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். அவரிடம் நெடுநாளாக இருக்கும் நர்ஸ், பஞ்சுச் சுருள்களைப் பிழிந்துகொண்டே, "சார், நம்ம கிளினிக்கில் இனிமே நீச்சலும் சொல்லிக்கொடுக்கலாம்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. மனைவி போனபிறகு அவர் சிரித்ததையும் யாரும் பார்க்கவில்லை, அழுததையும் யாரும் பார்க்கவில்லை.

மற்றவர்களின் பற்களைக்கூட அவர் தலைமுழுகியிருப்பார். விட முடியாதது மாமியாரின் கடைவாய்ப்பல். அந்தப் பக்கம் மெல்ல அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. மனைவிதான் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். வேர் சிகிச்சை முடிந்து, தற்காலிகமாக வெள்ளை மாவு வைத்து மூடி, மறு வாரம் நிரந்தரமாக அடைப்பதாக ஏற்பாடு. அந்த வாரத்தில்தான் அவள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். "அம்மா பல்லை முடிச்சுடுங்க, இழுத்தடிக்காதீங்க" என்று படுக்கையிலிருந்து சொன்னாள். அவள் கேட்டு, அவர் செய்யாமல் நின்றுபோனது அது ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் மாமியார் வந்தார். ஒவ்வொரு மாதமும் டாக்டர் அடைத்தார். ஒவ்வொரு மாதமும் அது விழுந்தது. மறுபடி அடைப்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்ததில் பல்லின் சுவர் முட்டை ஓடுபோல் ஆகிவிட்டது. இன்னும் ஒருமுறைதான் தாங்கும். அதுவும் விழுந்தால் பிடுங்க வேண்டியதுதான். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வுபெற்ற மாமியார் ஒருமுறைகூடக் குறை சொல்லவில்லை. கூடப் படித்த நண்பர் ஒருவரிடம் அனுப்பினார் டாக்டர். மாமியார் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன அத்தை, என்ன சொன்னார்?"

"நல்லாத்தான் பேசினார் மாப்பிள்ளை. எனக்குத்தான் வாய் திறக்க வரலை."

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. வாய்ப்புண்ணோடு பல்லைக் காட்ட வந்த ஒரு தையற்காரிக்குப் பல் சரியாகவில்லை, புண் ஆறியது. அவள் சும்மா இருக்காமல் பத்துப் பேரிடம் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கன்னத்தின் உட்தோலில் வெள்ளை வலை படர்ந்து, காரம் பட்டாலே துடிப்பவர்கள் வந்தார்கள். தொண்டைக்குக் கதிர்வீச்சு வாங்கி எச்சில் சுரப்பே நின்றுபோய், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்பவர்கள் தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக வந்தார்கள். பல்லில் ஒரு குறையும் இல்லாதவர்கள் வரிசையாக உட்கார்ந்து, "ஒரு நிமிஷம் குனிஞ்சா போதும் டாக்டர்" என்றார்கள். வாய்நோய்ப் பேராசிரியை ஒருவர் நேரில் வந்து, டாக்டரைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, மறுபடி குனியச் சொல்லி, காரணம் தெரியவில்லை ஆனால் பலன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தன் நோயாளிகளையும் அனுப்ப ஆரம்பித்தார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். "நான் பல் அடைக்கப் படிச்சவன். எல்லாரும் என்னைக் குழாயடி ஆக்கிட்டாங்க" என்று நர்ஸிடம் கத்தினார். நர்ஸ், "குழாயடியில கூட்டம் இருக்குல்ல சார், அதைப் பாருங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அழுதால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உள்ளே தேங்கியிருப்பதுதான் இப்படி அடுத்தவர் வாயில் ஏறுகிறதாம். டயர் கடைக்காரர்கூடச் சொன்னார். டாக்டருக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் உறிஞ்சும் இயந்திரம் புகைந்து நின்றது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, "உள்ள பூரா உப்பு பூத்திருக்கு சார், இதுக்கு இனி பாகம் கிடைக்காது" என்று கையை விரித்தார். டாக்டர் அங்கேயே சுவரில் சாய்ந்து, காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க, மூக்கு ஒழுகக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. ஒருவர் விசிறிவிட்டார். ஒருவர் முதுகைத் தடவினார். முகம் கழுவிவந்து அடுத்த நோயாளியின் வாயைத் திறந்து குனிந்தார். முன்னைவிடச் சீக்கிரமாக ஏறியது. அழுததும் வீண்.

அடுத்த மாதம் மாமியார் வந்து நாற்காலியில் சாய்ந்தார். கடைசி வாய்ப்பு என்று இருவருக்கும் தெரியும். டாக்டர் குனிந்தார், உலர்த்தினார், தண்ணீர் ஏறியது. உலர்த்தினார், ஏறியது. புது இயந்திரம் ஓலமிட்டது. திடீரென்று அவர் காற்றுக்குழாயைத் தூக்கித் தட்டில் எறிந்தார்.

"முடிச்சுடுங்கன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. என்னத்தை முடிக்கறது? எதை வெச்சு முடிக்கறது?"

மாமியார் ஏதோ சொன்னார். வாய் நிறையத் தண்ணீர் இருந்ததால் குளுகுளுவென்றுதான் கேட்டது. எழுந்து தொட்டியில் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் அவ மேல அதே கோபம்தான் மாப்பிள்ளை. யார்கிட்ட சொல்றது? சரி, சீக்கிரம் அடைங்க, இடுப்பு வலிக்குது."

டாக்டர் அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். அங்கே கண்ணாடிப் பொடிச் சிமெண்ட் இருந்தது. பொடியையும் திரவத்தையும் குழைத்து வைப்பது. குழந்தைகளின் பால் பல்லுக்கும் பள்ளிக்கூட முகாமுக்கும் வாங்கிப் போட்டது. சுண்ணாம்பு என்று அதை அவர் கேலி பேசுவார். பளபளப்பு கிடையாது, பல் நிறத்தோடு சேராது, பெரியவர்களின் கடைவாய்க்கு அதை வைப்பவனைக் கைவேலை தெரியாதவன் என்பார். அதற்கு ஈரம் கொஞ்சம் பொறுக்கும் என்று பாடத்தில் படித்திருந்தார். கொஞ்சம்தான்; குளத்துக்குள் வைக்கலாம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அவர் யோசிக்கவில்லை. கோபத்திலேயே குழைத்தார். "சார், காயவைக்கலையே" என்றார் நர்ஸ். "இயந்திரத்தை நிறுத்துங்க" என்றார் டாக்டர். ஏறும் தண்ணீருக்குள்ளேயே விரலை விட்டு, குழியைத் தடவிக் கண்டுபிடித்து, சிமெண்டை அப்பி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்கைக்குள் போனது. மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலை எடுத்தபோது அது கல்லாகியிருந்தது.

மங்கலான வெள்ளை. அழகில்லை. மாமியார் படி இறங்கி, டயர் கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் நின்று, பஸ் ஏறிப் போகும்வரை டாக்டர் ஜன்னலில் நின்றார். அவர் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு அந்தக் கிளினிக்கில் நீல விளக்கு எரியவில்லை. பளிச்சென்ற பல் வேண்டுபவர்கள் வேறிடம் போனார்கள். மற்றவர்கள் மங்கலான அடைப்போடு கீழே இறங்கினார்கள். அது எதைக் கடித்தாலும் அசையவில்லை. புண் உள்ளவர்களுக்குக் காலையில் ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது. நாற்காலிக்கு அடியில் தரையைச் சாய்த்து ஒரு வடிகால் வெட்டினார்கள். புதிதாக வருபவர்களிடம் நர்ஸ் இன்னொரு துண்டு கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான்.

மறு மாதம் மாமியார் வந்தார். டாக்டருக்கு முகம் தொங்கிவிட்டது.

"விழுந்துடுச்சா அத்தை?"

"இல்லையே. கல்லு மாதிரி இருக்கு."

"பின்னே?"

"பின்னே என்ன? வரக்கூடாதா?" நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, கழுத்துத் துண்டைத் தானே கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

டாக்டர் குனிந்தார்.