பதின்மூன்றாவது ஆள்

தேசியக் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு பேர் பட்டியலைக் கொடுக்க வேண்டிய நாள் காலையில், ரோலந்தாஸின் மேசையருகே பயிற்சியாளர் வந்து நின்றார்.

"காபியைக் குடிச்சிட்டு ஒரு நிமிஷம் வெளிய வா."

ரோலந்தாஸ் காபியைக் குடிக்கவில்லை. முப்பத்து நான்கு வயதில் அந்தக் குரலுக்கு அர்த்தம் தெரியாதா என்ன? கோடை முழுக்கப் பதின்மூன்று பேர் ஒன்றாக ஓடியிருந்தார்கள். ஒருவனை நீக்கியாக வேண்டும்.

ஐரோப்பியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் அந்த முறை லிதுவேனியாவில். அதிலும் முக்கியமான ஆட்டங்கள் எல்லாம் அவன் பிறந்த கௌனாஸில். இனி ஒரு தடவை அவனுக்கு வரப்போவதில்லை. அவன் இடம் இக்னாஸுக்குப் போனது. இருபத்திரண்டு வயது, கோடை முழுக்க அவனோடு ஒரே அறையில் தங்கியவன்.

"அண்ணே, நானா கேக்கலண்ணே."

"தெரியும்டா. போய் ஆடு."

பையைத் தூக்கிக்கொண்டு, ஒன்பதாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் போனான். மனைவி யூர்கா மகளை அழைத்துக்கொண்டு நார்வேக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. குளிர்பெட்டியில் பாதிக் கருப்பு ரொட்டி மட்டும் கிடந்தது.

அரங்கத்துக்கு அனுமதிச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். அவன் போகவில்லை. தெருவில் இறங்கினால் சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். ரொட்டிக் கடைக்காரி ஊர் கேட்கக் கத்தினாள்: "உன்ன விட்டுட்டு அந்தப் பொடியனையா எடுத்தானுங்க? கண்ணு அவிஞ்சு போச்சா அவனுங்களுக்கு?" அவளிடம் சிரித்துவிட்டு வந்தவன் மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

காலிறுதி அன்று மேல்மாடி ஜெனோனாஸ் கதவைத் தட்டினார். "மேல வாப்பா. பீர் இருக்கு, பூண்டு போட்டுப் பொரிச்ச ரொட்டி இருக்கு."

"ஜுரம்ணே."

"ஜுரமாம் ஜுரம்! பத்து நாளா ஜுரமா? யார்கிட்ட கதை விடுற?" என்றார். ஆனால் வற்புறுத்தாமல் படியேறிப் போய்விட்டார்.

எதிரே லாத்வியா. ரோலந்தாஸின் தொலைக்காட்சியில் படம் சற்றுத் தாமதமாக வரும். பந்து இன்னும் ஆட்டக்காரன் கையில் இருக்கும்போதே சுவர்களுக்கு அப்பாலிருந்து கூச்சல் எழும். அதற்குப் பிறகுதான் அவன் திரையில் பந்து கூடைக்குள் விழும். கட்டடமே அவனை முந்திக்கொண்டு வாழ்ந்துகொண்டிருந்தது.

கடைசி நான்கு விநாடி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இக்னாஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறிய இரண்டு வாய்ப்பு. திரையில் அவன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். ரோலந்தாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைக் கவனித்தான். சத்தமே இல்லை. சற்றுப் பிறகு திரையிலும் முதல் பந்து தவறியது. மறுபடி தட்டினான். மறுபடியும் சத்தமில்லை. இரண்டாவது பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்ததைத் திரை காட்டியபோது அவனுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

அந்த மௌனத்தில், நெஞ்சின் ஏதோ ஒரு மூலையில், ஒரு துளி இனித்தது. இனித்ததை அவன் உணர்ந்தும்விட்டான். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றான்.

காலையில் இக்னாஸுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. அணி தங்கியிருந்த ஓட்டலுக்கே போனான். வாசலில் காவலாளி தடுத்தான்.

"அண்ணே, உங்களத் தெரியாதவன் இந்த ஊர்ல உண்டா? ஆனா அட்டை இல்லாம விட்டா என் வேலை போயிரும்."

"நான் இங்கயே நிக்கிறேன். இக்னாஸ்கிட்ட மட்டும் சொல்லு."

தூறல் போட்டது. முக்கால் மணி நேரம் கழித்து, சமையலறைப் பக்கத்துக் கதவு வழியாக இக்னாஸ் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அங்கே கிடந்த காலிப் பெட்டிகள் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் உயரத்துக்கு முழங்கால்கள் மோவாயை இடித்தன.

"நீங்க இருந்திருந்தா ரெண்டையும் போட்டிருப்பீங்க. ஊரே அதத்தான் சொல்லுது. எங்கம்மாகூட போன்ல அழுதாங்க."

"போட்டிருப்பேனோ மாட்டேனோ, யாருக்குடா தெரியும்?" ரோலந்தாஸ் தரையைப் பார்த்தான். "இக்னாஸ், ஒண்ணு சொல்றேன். நீ தவறவிட்டப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஒரு நொடிதான். ஆனா இருந்துச்சு."

இக்னாஸ் அவனை வெறித்துப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றே ரோலந்தாஸ் நினைத்தான்.

"இத சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமா. வேற யார்கிட்ட சொல்ல?"

"நேத்துலேருந்து எல்லாரும் பரவாயில்ல, பரவாயில்லன்னே சொல்றாங்கண்ணே," என்றான் இக்னாஸ். "ஒருத்தர்கூட உண்மையப் பேசல." எழுந்து, நனைந்த கையால் ரோலந்தாஸின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனான். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்காததாகவும் சொல்லவில்லை.

காலிறுதியில் தோற்ற அணிகளுக்கு ஐந்தாம் இடத்துக்கான ஆட்டங்கள் பாக்கி இருந்தன. ரோலந்தாஸ் முன்வாசலுக்குத் திரும்பியபோது பயிற்சிக்குப் போகும் பேருந்து வந்து நின்றது. ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக இக்னாஸ் ஏறினான். கண்ணாடியில் மழை வழிந்ததால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ரோலந்தாஸுக்குத் தெரியவில்லை. இருந்தும் கையை உயர்த்தினான்.

பேருந்து பாலத்தில் ஏறி மறைந்தது. காவலாளி வாசற்கூரைக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். "மழை விடட்டும்ணே, இப்படி வந்து நில்லுங்க."

ரோலந்தாஸ் போய் அவன் பக்கத்தில் நின்றான்.