ஒன்பது ஈயக்குண்டுகள்

முகம்மது ஆரிப் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பட்டறை மேசைமேல் கொட்டினான். தூண்டில் நரம்பில் கட்டுகிற ஈயக்குண்டுகள். உருண்டுபோய், கழற்றி வைத்திருந்த அவனுடைய அம்பாசடரின் எஞ்சின் ஹெட்டில் முட்டி நின்றன. மெக்கானிக் ஜெபசுந்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார். பதினொன்று.

"தாசில்தார் சார் கார்ல ஒன்பதுதான் போட்டாவளாம். நமக்கு மலை ஏறணும்லா, ரெண்டு கூட வாங்கிட்டேன்," என்றான் ஆரிப். "அந்த வளையமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. சும்மா வால்வ அரைச்சு மட்டும் குடுங்க. இத டேங்க்ல போட்டுக்கிடுதேன்."

ஜெபசுந்தர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் வார்ப்பிரும்பையே கடைந்து வால்வு உட்கார இடம் செய்திருப்பார்கள். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது பூச்சாகப் படிந்து அடியைத் தாங்கிக்கொண்டது. ஈயத்தை நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆகிறது. இப்போது சூடேறிய வால்வு ஒவ்வொரு தட்டுக்கும் இரும்பைக் கொஞ்சம் தின்று, கொஞ்சம் உள்ளே இறங்கி, ஒரு நாள் மூட முடியாமல் எரிந்துபோகும். அதற்கு மருந்து ஒன்றுதான். அந்த இடத்தை அகலமாகக் கடைந்து, கடினமான இரும்பு வளையத்தை இறுக்கி உட்காரவைப்பது. இதை அவர் எத்தனையோ வண்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது பொய் மாதிரி கேட்க ஆரம்பித்திருந்தது.

ஆரிப்புக்குக் கடையநல்லூர். வெள்ளை அம்பாசடர் ஒன்றுதான் அவன் பிழைப்பு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்த வண்டியைத்தான் கேட்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி, மலை ஏறி, புனலூர் போக வேண்டும். பாதி ஏற்றத்தில் வால்வு எரிந்து, மாப்பிள்ளை மாலையோடு இறங்கி வண்டியைத் தள்ளினால், அந்தப் படம் அன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விடும். அப்புறம் எவனும் அவனைக் கூப்பிடமாட்டான்.

"ஈயம் பெட்ரோல்ல கரையாது மக்கா. குண்டு குண்டாவே கெடக்கும்."

"தாசில்தார் சாருக்கு மட்டும் கரையுதா?"

தில்லைநாயகம் முழுத் தாசில்தாராக இருந்தது மூன்று மாதம், அதுவும் பொறுப்பில். துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். வாசல் பலகையில் 'துணை' என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை. அவருடைய கார் மாமனார் பழையதாக வாங்கிக் கொடுத்தது. பேச்சுப் போக்கில் அது தாத்தா வாங்கியதாகி, போன வருடம் ஜமீன் வழி வந்ததாகிவிட்டது. அவரே தொடங்கி அவரே தலைவராக இருக்கும் பாரம்பரிய வாகனப் பேரவையில் உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் கார் இருப்பது மூன்று பேருக்கு. மற்ற நால்வர் பொன்னாடை போர்த்துவதற்கு.

அந்தக் கார் ஜெபசுந்தரிடம் மூன்று தடவை வந்தது. முதல் தடவையே வளையம் போட வேண்டும் என்று சொன்னார். "ஒரிஜினல் இரும்புவே இது. கைய வச்சீர்னா பாரம்பரியம் போச்சு," என்றார் தில்லைநாயகம். ஜெபசுந்தர் வால்வை மட்டும் அரைத்துக் கொடுத்தார். நாலு மாதத்தில் வால்வு இறங்கித் திரும்பி வந்தது. மறுபடியும் அரைத்துக் கொடுத்தார். மறுபடியும் வந்தது, இந்தத் தடவை "வேலை தெரிஞ்சவன்கிட்ட விட்டிருக்கணும்" என்ற பேச்சோடு. ஜெபசுந்தர் அன்றைக்கு நாலு வளையத்தை வீட்டு ஐஸ்பெட்டியில் சாளை மீனுக்குப் பக்கத்தில் வைத்துச் சுருங்கக் குளிரவிட்டு, ஹெட்டைக் கடைந்து சூடாக்கி, நாலையும் இறக்கி, வால்வை அரைத்து, வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார். நல்ல எண்ணமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அந்த ஹாரன் சத்தத்தைப் பட்டறை வாசலில் நாலாவது முறை கேட்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அதே வாரம் தில்லைநாயகம் எங்கேயோ எதையோ படித்துவிட்டு, டேங்கில் ஒன்பது ஈயக்குண்டுகளைப் போட்டார். ஏன் ஒன்பது என்று யாரும் கேட்கவில்லை. அதன்பின் வண்டிக்கு ஒரு கோளாறும் வரவில்லை. பிரேக் போட்டால் டேங்குக்குள் கடகடவென்று உருளும். ஈயம் வேலை செய்கிறது என்பார். பேரவை ஆண்டு விழாவில், "பெட்ரோலிலிருந்து ஈயத்தைப் பிடுங்கினார்கள். நாம் திருப்பிக் கொடுத்தோம்" என்று அவர் பேசியது கடையநல்லூர் வரைக்கும் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த வண்டிக்குள்ள வளையம் இருக்கு ஆரிபு," என்றார் ஜெபசுந்தர். "நான்தான் வச்சேன். அவருக்குத் தெரியாது."

ஆரிப் அவரையே பார்த்தான். "தொழிலுக்காகச் சொல்லுதீங்க."

"இல்ல மக்கா."

"அப்ப வேதத்து மேல சத்தியம் பண்ணுங்க."

"எங்க வேதத்துலயே சத்தியம் பண்ணாதன்னுதான் போட்டிருக்கு."

"வசதியால்லா இருக்கு," என்றான் ஆரிப்.

அதற்குமேல் வேறு வழியில்லை. போனில் மாட்டுகிற சின்னக் கேமராவையும் பிளக் ஸ்பானரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஜெபசுந்தர் ஆரிப்பின் பைக்கில் பின்னால் ஏறினார்.

தில்லைநாயகம் வேட்டியும் முண்டா பனியனுமாகக் கார் ஷெட்டில் நின்றிருந்தார். உள்ளே படம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. "பேரவைக்கு ஒரு காப்பி அனுப்பும்வே. தலைப்பு நான் போட்டுக்கிடுதேன்." அவர் மனைவி கோமதியம்மாள் கீரை ஆய்ந்த கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

ஜெபசுந்தர் எஞ்சினிலிருந்து ஒரு பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கேமரா வயரை இறக்கினார். திரையில் முதலில் கறுப்பு. பிறகு கரி படிந்த குகை. அதன் கூரையில் வால்வு, வால்வைச் சுற்றி வெளிறிய, ஒழுங்கான ஒரு வட்டம்.

"யாரோ மோதிரம் போட்டுவிட்ட மாதிரில்லா இருக்கு," என்றாள் கோமதியம்மாள்.

"நீ உள்ள போ," என்றார் தில்லைநாயகம். அவள் போகவில்லை.

"அது நான் வச்ச வளையம் சார்," என்றார் ஜெபசுந்தர். "உங்ககிட்ட கேக்காம வச்சேன். தப்புதான். நாலு சிலிண்டர்லயும் இருக்கு. வண்டி ஓடுதது அதாலதான். இந்தப் பையன் பதினொரு ஈயக்குண்ட நம்பி மலை ஏறப் போறான். அதான் சொல்லிட்டேன்."

தில்லைநாயகம் போனை வாங்கி முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று ஜெபசுந்தருக்குத் தெரிந்தது. அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த மனிதர், பக்கத்தைத் திருப்புவது போலத் தொண்டையைச் செருமினார்.

"வே, நிதானமாக் கேளும். நீரு வச்சீர்னா, உரிமையாளர் அனுமதி இல்லாமப் பாரம்பரியப் பொருளச் சேதப்படுத்தினதா ஆகும். உமக்கு அது வேண்டாம். எனக்கும் வேண்டாம். அதனால நீரு வைக்கல. இது ஈயம். படிஞ்சிருக்கு. எவ்வளவு வட்டமாப் படிஞ்சிருக்கு பாரும்."

"வச்சேன் சார்."

"வைக்கலங்கேன்."

"வச்சேன்."

ஜெபசுந்தரின் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் தோற்ற பையனுக்கு விடையை மூன்றாவது முறை சொல்கிற வாத்தியாரின் குரல் போல இருந்தது. தில்லைநாயகம் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆரிப்பின் தோளில் கை வைத்து, "தம்பி, நம்பிக்கைதான் முக்கியம். ஒன்பது போடு, பதினொண்ணு வேண்டாம்," என்றார். பிரஷர் மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நிற்காமல் தடதடத்துக்கொண்டிருந்தது. ஆரிப் பைக்கை உதைத்துக் கிளப்பினான். ஆனால் ஏறவில்லை.

"அவரு பெரிய மனுசன், ஒண்ணு சொல்லுதாரு. நீங்க ஒண்ணு சொல்லுதீங்க. நான் யாரை நம்ப?"

"எனக்குத் தெரியல மக்கா," என்றார் ஜெபசுந்தர். உண்மையிலேயே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். அவருக்கு இடுப்பு வலிதான் கூடியிருந்தது. அப்போதுதான் பை இலேசாக இருப்பது உறைத்தது. ஸ்பானரை மறந்துவிட்டார். பிளக்கையும் மாட்டவில்லை.

இருவரும் திரும்பிக் கேட்டுக்குள் நுழைந்து, இரண்டடியில் நின்றுவிட்டார்கள்.

ஷெட்டில் தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு முழங்காலை பம்பரில் ஊன்றி, எஞ்சின்மேல் கவிழ்ந்து, ஒரு கண்ணை இறுக மூடி மறு கண்ணைப் பிளக் ஓட்டையில் வைத்திருந்தார். கோமதியம்மாள் கீரை ஒட்டிய கையால் டார்ச் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் இங்கன காட்டு," என்றார் மெதுவாக.

வெளிச்சம் நகர்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். வாசலுக்கு வெளியே கிளப்பியபடியே விட்டிருந்த பைக்கை அணைக்க ஆரிப் சத்தமில்லாமல் திரும்பி நடந்தான்.