மூன்றை எட்டாக்கிய டேப்

சிட்னியின் மேற்கே குடியிருந்து கிழக்கே பிழைப்பவர்களுக்குச் சுரங்கச் சாலைதான் கதி. நுழைந்தால் டோல், திரும்பினால் இன்னொரு டோல்; கேமரா நம்பர் பலகையைப் படம் பிடிக்க, அந்த நம்பருக்குரியவர் பேருக்குப் பில் போகும். ஊரே புலம்பிக்கொண்டு கட்டியது. பிளம்பர் டெரன் மட்டும் கட்டவில்லை.

சுரங்கத்துக்கு முந்தைய பெட்ரோல் பங்கில் தன் வெள்ளைச் சரக்கு வண்டியை நிறுத்துவான். நம்பர் பலகையின் கடைசி எண்ணான மூன்றின்மேல் இரண்டு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டுவான். மூன்று எட்டாகிவிடும். வேலை முடிந்து ஊர் திரும்பியதும் உரித்துவிடுவான்.

"எட்டாம் நம்பர்காரன் மாட்டிக்க மாட்டானா?" என்று கூட வேலை செய்யும் பிராட் ஒருநாள் கேட்டான்.

"மாட்டினா டோல் கம்பெனிக்காரனோட சண்டை போடட்டும். ரோடு போட்ட காச எப்பவோ எடுத்துட்டானுங்க, இன்னும் முப்பது வருஷம் கறப்பானுங்களாம். நான் என்ன இளிச்சவாயனா?"

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்குக் கடலோரக் குடியிருப்பு ஒன்றில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா மெர்வின் போனில் கூப்பிட்டார்.

"லோசா இன்னும் வரலடா. நான் கட்டில்லயே கிடக்கேன்."

லோசா சமோவாத் தீவுக்காரி, முதியோர் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் பணியாளர். நாலு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, மெர்வினைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, கால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். ஒருநாளும் தாமதித்ததில்லை. டெரன் போட்டது போட்டபடி வீட்டுக்குப் பறந்தான். டேப்பை உரிக்க மறந்தே போனான்.

படுக்கை நனைந்திருந்தது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவரை எப்படித் தூக்குவது என்றுகூட டெரனுக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

சற்று நேரத்தில் லோசா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. ரெண்டு பஸ் மாறி வர்றேன். எங்க ஆபீஸ்ல அனுப்ப வேற ஆள் இல்லன்னுட்டாங்க." பேசிக்கொண்டே அவரை அலுங்காமல் தூக்கினாள். "டோல் பாக்கின்னு மெசேஜா வந்துச்சு தம்பி. வாரம் பத்து மோசடி மெசேஜ் அப்படித்தானே வருது, அழிச்சுட்டேன். கடுதாசியையும் குப்பையில போட்டேன். நேத்து வண்டிப் பதிவையே முடக்கிட்டாங்க. அந்தச் சுரங்கத்துப் பக்கமே நான் போனதில்ல. இனி ஆறு வீட்டையும் எப்படிப் பார்க்குறது?"

வாசலில் நிற்கும் தன் வண்டியில் டேப் இன்னும் இருப்பது டெரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மெர்வினைக் குளிப்பாட்டும்வரை துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தான். அவள் நனைந்த விரிப்பை அலசி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனதும்தான் டேப்பை உரிக்க வாசலுக்கு ஓடினான். வெயில் படும் வாசல் கொடியைத் தேடி அவள் பக்கவாட்டு வழியாக முந்திவிட்டிருந்தாள். கையில் ஈர விரிப்போடு அவன் வண்டியின் பின்னால் நின்றாள்.

"தம்பி, என் நம்பர் உங்க வண்டியில என்ன பண்ணுது?"

குனிந்து டேப்பை உரித்தான்.

"இப்பவே டோல் ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். லைசென்ஸ் போனாலும் போகட்டும்."

"போகத்தான் போறீங்க, நானும் கூட வருவேன்," என்றாள் லோசா. "ஆனா அஞ்சு பேர் கட்டில்ல காத்துக்கிட்டிருக்காங்க. மொதல்ல அங்க விடுங்க."

விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். டெரன் சாவியைத் திருகினான். தலை நிமிரவில்லை.

"கம்பெனிக்காரனத்தான் ஏமாத்துறேன்னு நெனச்சேன், லோசா."

"டோல் அநியாயம்னா எம்.பி. ஆபீஸ் வாசல்ல போய் நின்னு கேளுங்க, பக்கத்துல நானும் நிக்கிறேன். திருட்டுத்தனமாத் தப்பிச்சா கம்பெனிக்கு ஒண்ணும் குறையாது தம்பி. நாம கட்டாம விட்டத வேற யாரோ கட்டுறாங்க. இன்னிக்குக் காலையில உங்கப்பா கட்டினாரு."